தோட்டம் மாடியில்... கீரை யார் தட்டில்?

போன ஆடி மாதம். காலை பதினோரு மணி இருக்கும். ஒரு அம்மா என்னிடம் வைத்தியத்துக்கு வந்தார். வயது 44. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"மாடி ஏறி இறங்கினாலே படபடன்னு வருது டாக்டர். முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது. சாயங்காலம் ஆனா ரெண்டு காலும் கழண்டு விழுற மாதிரி இருக்கு..."

கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது. நாக்கும் நகமும் அதே கதைதான். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வந்த ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். சித்த மருத்துவத்தில் இதைப் பாண்டு என்போம்.

"மாடிக்கு எதுக்கும்மா இத்தனை தடவை ஏறுறீங்க?" என்று கேட்டேன்.

அதுவரை வாடிப்போயிருந்த முகம் சட்டென்று மலர்ந்தது. "தோட்டம் வச்சிருக்கேன் டாக்டர். அறுபது தொட்டி!" கைப்பையிலிருந்து செல்போனை எடுத்துப் படம் படமாகக் காட்டினார். அரைக்கீரை, சிறுகீரை, மணத்தக்காளி, கத்தரி, வெண்டை, கொத்தவரை, பந்தலில் தொங்கும் பாகல்... எனக்கே பொறாமையாக இருந்தது.

"ரொம்ப சந்தோஷம்மா. இந்தக் கீரையெல்லாம் யார் சாப்பிடுறாங்க?"

பதில் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அவருக்குக் கீரைன்னா பிடிக்காது. பொண்ணு தொடவே மாட்டா. பையன் ஹாஸ்டல்ல இருக்கான். நான் ஒருத்திக்காக எதுக்குத் தனியா ஆய்ஞ்சு சமைக்கணும்னு அக்கம்பக்கத்துல கொடுத்துடுவேன்..."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். முருங்கை இலைப் பொடி டப்பா. "இதைச் சாப்பிட்டா ரத்தம் ஊறும்னு சொன்னாங்க. வாங்கிச் சாப்பிடுறேன். சரிதானே டாக்டர்?"

"வீட்டுல முருங்கை மரம் இல்லையா?"

"பின்னாடி நின்னுச்சு. கம்பளிப்பூச்சி வருதுன்னு வெட்டிட்டோம்."

வாசகர்களே, அன்றைக்கு வந்தவர் அந்த ஒரு அம்மாதான். ஆனால் முப்பது வருஷமாக இந்த நாற்காலிக்கு எதிரே இதே கதையைப் பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வீட்டுத் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மண் கலவை, உரம், பூச்சி விரட்டி பற்றியெல்லாம் நிறையவே எழுதுகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. விளைந்தது யார் தட்டில் விழுகிறது? வைத்தியனான எனக்கு அதுதான் முதல் கேள்வி.

பரிமாறுகிறவர் தட்டு

2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவிகிதம். மாதவிலக்கு, பிள்ளைப்பேறு என்று பெண்ணின் உடம்புக்கு ரத்தச் செலவு அதிகம் என்பது உண்மை. அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து என்றால், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதாவது, வீட்டிலேயே அதிகம் சாப்பிட வேண்டியவர் அம்மா. நடப்பது என்ன? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியிருக்கும் பொரியலோடு ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுகிறார். இதை ஏழை வீட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் நிறையக் காய் இருக்கிற வீட்டிலும் இதுதான் நடக்கிறது.

தோட்டம் வைத்த வீட்டில் இது இன்னும் வேடிக்கை. விதை போட்டது அவர், தண்ணீர் ஊற்றியது அவர், பூச்சி பொறுக்கியது அவர். பறித்தது மட்டும் பக்கத்து வீட்டுக்கு! பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் கைப்பிடி உங்கள் சட்டிக்குப் போகட்டும். மிச்சத்தைக் கொடுங்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 8.4 என்று வந்துவிட்ட பிறகு கீரையும் பேரீச்சம்பழமும் மட்டுமே அதை ஏற்றிவிடாது. கீரையிலுள்ள இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது சிறு பங்குதான். மருந்து வேண்டும், ரத்தம் எங்கே போகிறது என்ற காரணமும் தெரிய வேண்டும். அந்த அம்மாவுக்கு மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகம். மகளிர் மருத்துவரிடம் அனுப்பி ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். குடற்புழுவுக்கும் பார்த்தோம். நான் அன்னபேதி செந்தூரம் கொடுத்தேன். இதையெல்லாம் நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது. மருந்து ஏற்றிவிட்ட ரத்தத்தை இறங்காமல் வைத்துக்கொள்ளத்தான் தினசரிச் சாப்பாடு. தோட்டத்துக்கு அங்கேதான் வேலை.

அடுப்பிலிருந்து ஆரம்பியுங்கள்

"என்ன செடி வைக்கலாம் டாக்டர்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "போன வாரம் உங்க வீட்டுல என்ன சமைச்சீங்க?" ஒரு தாளில் ஏழு நாள் சமையலையும் எழுதுங்கள். அதில் இருக்கிற காயைத்தான் முதலில் போட வேண்டும். படத்தில் அழகாக இருக்கிறது என்று ஊதா முட்டைக்கோஸும் ப்ரோக்கோலியும் வைத்துவிட்டு, சாம்பாருக்குக் கத்தரிக்காய் வாங்கக் கடைக்கு ஓடுவதில் என்ன லாபம்?

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நான் சொல்லும் கணக்கு இது: கீரைக்கு நான்கு அகலத் தொட்டிகள். வாரத்துக்கு ஒரு தொட்டியில் மட்டும் விதையுங்கள். நான்கையும் ஒரே நாளில் விதைத்தால் நான்கும் ஒரே நாளில் அறுவடைக்கு நிற்கும். அப்புறம் ஊருக்குத்தான் கொடுக்க வேண்டும்! முளைக்கீரையும் சிறுகீரையும் ஏறக்குறைய 25 நாளில் பறிக்கலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். இவற்றோடு கத்தரி நான்கு, தக்காளி நான்கு, மிளகாய் மூன்று, வெண்டையும் கொத்தவரையும் பத்துப் பத்து, மணத்தக்காளி இரண்டு, ஒரு கறிவேப்பிலை, ஒரு அவரைப் பந்தல். போதும். அறுபது தொட்டி வேண்டாம். நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் தோட்டம் உங்களை வேலை வாங்கினால் மூன்றாம் மாதம் சலித்துவிடும்.

வெயில் ஒரு நாளைக்கு ஐந்து ஆறு மணி நேரமாவது விழ வேண்டும். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்றார்கள் பெரியவர்கள். ஆடியில் விதைத்த செடி மழைக்கு முன் வேர்பிடித்து நின்றுவிடும். தை மாதம் இன்னொரு பட்டம். வெண்டையையும் கொத்தவரையையும் நேராக விதைக்கலாம். கத்தரி, தக்காளி, மிளகாயை நாற்றுவிட்டு எடுத்து நட வேண்டும். அசுவினி, மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள்.

இன்னொரு விஷயம். தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு பரப்பும் கொசுவுக்கு அந்தச் சின்னத் தட்டே போதும். ஆரோக்கியத்துக்காக வைத்த தோட்டத்திலிருந்து காய்ச்சல் வரக் கூடாது, இல்லையா?

முருங்கையைக் கம்பளிப்பூச்சிக்குப் பயந்து வெட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மரத்தை வானத்துக்கு வளரவிடுவதால்தான் பூச்சி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போகிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை விதையிலிருந்தே வரும். பெரிய தொட்டியிலோ தரையிலோ போட்டு, இரண்டு மூன்று அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கை எட்டும் உயரத்திலேயே வைத்து வாரம் ஒருமுறை இலைக்காக ஒடித்துக்கொண்டே இருந்தால் பூச்சி வந்தாலும் முதல் நாளே கண்ணில் பட்டுவிடும். 100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் 120 மில்லிகிராம் அளவுக்குத்தான். மரத்தை வெட்டிவிட்டு டப்பா வாங்குவதை என்னவென்று சொல்வது?

இரண்டு கத்தரி, மூணு வெண்டை

"தினம் ரெண்டு கத்தரிக்காய், மூணு வெண்டைக்காய்தான் கிடைக்குது. அதை வச்சு என்ன சமைக்க?" என்று அலுத்துக்கொள்வார்கள். வீட்டுத் தோட்டம் எப்போதுமே அப்படித்தான். மார்க்கெட்டைப் போல் ஒரே காயைக் கிலோக் கணக்கில் கொடுக்காது. அதற்கு ஏற்ற சமையல் நம்மிடமே இருக்கிறது.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கூட்டாஞ்சோறு செய்வார்கள். அரிசியும் துவரம்பருப்பும் சேர்த்து வேகும்போது வீட்டில் இருக்கிற காயெல்லாம் துண்டு துண்டாகப் போய் விழும். கத்தரி, முருங்கைக்காய், அவரை, கொத்தவரை, மாங்காய் இருந்தால் ஒரு கீற்று, கடைசியில் ஒரு கை முருங்கைக்கீரை. தேங்காய், சீரகம், மிளகாய், சின்ன வெங்காயம் அரைத்த விழுது. இறக்கினால் ஒரே பானையில் அறுசுவையும் வந்துவிடும். கீரை பிடிக்காத அப்பாவும் பெண்ணும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். அவியலும் இப்படிப் பிறந்த பண்டம்தான். அம்மாவுக்கென்று தனிச் சமையல் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே பானை. அம்மா தட்டிலும் அதே அளவு!

கீரை சமைப்பதில் சில விஷயங்களைக் கவனித்தால் போதும். முதலில் கழுவிவிட்டு அப்புறம் நறுக்குங்கள். நறுக்கியபின் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துச் சில நிமிஷம் வேகவிட்டால் போதும். பச்சை நிறம் மாறாமல் இருக்க ஆப்பசோடா போடாதீர்கள், வைட்டமின்கள் கெடும். ஒரு தேக்கரண்டி எண்ணெயோ கொஞ்சம் தேங்காய்த் துருவலோ சேர வேண்டும். கீரையில் இருக்கிற, உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறும் சத்து கொழுப்பில்தான் கரையும். இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள், அல்லது பக்கத்தில் ஒரு நெல்லிக்காய்த் துண்டு வையுங்கள். புளிப்பு சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்டு முடித்த கையோடு காபி, டீ குடிப்பது அதைக் கெடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். இதைச் சொன்னால் பல வீடுகளில் என்மேல் கோபம் வருகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரவில் கீரை வேண்டாம் என்று எங்கள் வைத்திய முறையில் சொல்வார்கள். செரிக்க நேரமாகும் என்பதால் சொன்னது. பகல் சாப்பாட்டில் சேருங்கள். சித்த மருந்து சாப்பிடும்போது அகத்திக்கீரையை விலக்கச் சொல்வதும் வழக்கம், மருந்தை முறிக்கும் என்பதால்.

எல்லோருக்கும் எல்லாம் ஆகாது

வீட்டில் விளைந்தது என்பதாலேயே எல்லாம் மருந்தாகிவிடாது. சில எச்சரிக்கைகள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றிவிடும். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள், கீரையும் காயும் எவ்வளவு என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டே, தோட்டத்தில் காய்க்கிறதே என்று தினம் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு குடிக்காதீர்கள். சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். பாகற்காயைக் குழம்பில் போட்டுச் சாப்பிடுங்கள், அது போதும்.

முக்கியமாக, சுரைக்காய். ஒரு சின்னத் துண்டை நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு அந்தக் காயையே தூக்கி எறியுங்கள். பாகற்காய் கசப்பது இயல்பு. சுரைக்காய் கசந்தால் அது விஷம். கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து ரத்தமாக வாந்தி எடுத்தவர்கள் உண்டு, உயிரிழந்தவர்களும் உண்டு. "நம்ம வீட்டுக் காய்தானே" என்று சமைத்துவிடாதீர்கள். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

வற்றல் விஷயத்தில் நான் செய்த தவறு

மாசி, பங்குனியில் கொத்தவரையும் மிளகாயும் மணத்தக்காளியும் ஒரேயடியாகக் காய்த்துக் கொட்டும். மிஞ்சுவதை என்ன செய்வது? நம் பாட்டிமார் கண்ட வழி வற்றல். எங்கள் வீட்டில் மாசி பிறந்தால் அம்மா மொட்டைமாடியில் பாய் விரித்துவிடுவார். காக்காய் விரட்டுகிற வேலை எனக்கு. சுண்டைக்காயைத் தட்டி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் வெயில், சாயங்காலம் மறுபடியும் அதே மோர். மோர் முழுவதும் வற்றும்வரை இதே வேலை. மோர்மிளகாயும் அப்படியே.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது சுண்டைவற்றல் சூரணத்தைப் பற்றி வகுப்பில் கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கம்மா செய்றதுதானே இது!" கழிச்சல், மந்தம் என்று வருகிறவர்களுக்கு, "வீட்டுல சுண்டவத்தல் இருக்கா? தினம் வறுத்துச் சாப்பிடுங்க" என்று நானும் தாராளமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொழிலுக்கு வந்து சில வருஷங்களுக்குள் ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். வயிற்று உபாதை. அவருக்கும் அதையே சொன்னேன். நம்பிக்கையோடு மூன்று வேளையும் ஒரு கைப்பிடி வற்றல் சாப்பிட்டிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து முகமும் காலும் வீங்கி வந்து நின்றார். ரத்தஅழுத்தம் 190-க்கு மேல். அவருக்கு ஏற்கெனவே அழுத்தம் உண்டு, அதற்கு மாத்திரையும் சாப்பிடுகிறார். அதை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கேட்க வேண்டியது என் கடமை, அவர்மேல் குற்றம் இல்லை. பெரிய டாக்டரிடம் அனுப்பிச் சரியாயிற்று. ஆனால் அந்த வீங்கிய கால் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ காய் காய்ந்தால் நூறு, நூற்றைம்பது கிராம் வற்றல்தான் தேறும். தண்ணீர் போய்விடுகிறது. போட்ட உப்பு எங்கேயும் போகாது, அந்தச் சிறு அளவிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் ஒரு கைப்பிடி வற்றல் ஒரு கைப்பிடி காய்க்குச் சமம் ஆகாது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது. அதாவது மொத்தச் சாப்பாட்டிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி. வற்றல், அப்பளம், ஊறுகாய் மூன்றும் ஒரே இலையில் விழுந்தால் அந்தக் கணக்கு பகல் சாப்பாட்டிலேயே முடிந்துபோகும்.

அதற்காக வற்றலே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வெயிலில் பாடுபட்டு வியர்வை சிந்தியவர்களுக்கு அந்த உப்பு தாங்கியது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அதே அளவு தாங்காது. செய்முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு கிலோ கொத்தவரங்காய்க்கு இரண்டு தேக்கரண்டி உப்புதான். காயை ஆவியில் அரைவேக்காடாக வேகவைத்து, உப்பும் புளித்த மோரும் பிசறி, நல்ல வெயிலில் நாலைந்து நாள் காயவைக்கிறோம். உப்பு குறைந்தால் கெடாமல் காப்பது வெயில்தான். ஆகையால் காய்ச்சல் போதாமல் எடுத்து வைக்கவே கூடாது. ஒன்றை எடுத்து ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். ஆறிய பிறகு காற்றுப் புகாத பாட்டிலில் போடுங்கள். மழை மாதத்தில் வற்றல் போடும் ஆசையே வேண்டாம்.

வறுக்கும்போது எண்ணெயில் மிதக்கவிட வேண்டியதில்லை. இரும்புச் சட்டியில் நாலு சொட்டு நல்லெண்ணெய் விட்டு நிதானமாக வறுத்தாலே மொறுமொறுவென்று வரும். வற்றல் குழம்பு வைத்தால் வற்றலை வெந்நீரில் ஒரு அலசு அலசிப் போடுங்கள். குழம்புக்கு உப்பு கடைசியில், ருசி பார்த்த பிறகு. ரத்தஅழுத்தம், இருதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வற்றலும் ஊறுகாயும் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. பச்சைச் சுண்டைக்காயையும் மணத்தக்காளிக் கீரையையும் சமைத்துச் சாப்பிடட்டும்.

முருங்கை இலை, கறிவேப்பிலை இரண்டையும் உப்பே இல்லாமல் பத்திரப்படுத்தலாம். கழுவி, ஈரம் போக உலர்த்தி, காற்றோட்டமான நிழலில் மூன்று நான்கு நாள் காயவிட்டுப் பொடியுங்கள். வெயில் கூடாது; வைட்டமின் ஏ-க்கு உரிய சத்து வெயிலில் அழிந்துவிடும். மூலிகை இலைகளை நிழலில் உலர்த்தச் சொல்லித்தான் எங்களுக்கும் படிப்பித்தார்கள். இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுகிற அளவுக்குச் செய்தால் போதும்.

ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. ஊறுகாயிலோ வற்றலிலோ பூஞ்சை பூத்திருந்தால் மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடாதீர்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமாக இறங்கியிருக்கும். சில பூஞ்சைகளின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். "பாடுபட்டுப் போட்டதாச்சே" என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்தப் பாட்டுக்காக ஈரலைக் கொடுக்க முடியாது.

மாசியில் வந்த அம்மா

அந்த அம்மா மாசி மாதம் மறுபடியும் வந்தார். ஏழு மாதம் மருந்து, மகளிர் மருத்துவரின் சிகிச்சை, அதோடு சாப்பாடு. ஹீமோகுளோபின் 11.3. இன்னும் 12-ஐத் தொடவில்லை. ஆனால் இந்தத் தடவை வந்ததும் பேச ஆரம்பித்துவிட்டார்.

"தொட்டியைப் பாதியாக் குறைச்சுட்டேன் டாக்டர். கூட்டாஞ்சோறு வாரத்துல ரெண்டு நாள். பொண்ணு சாப்பிடுறா. அவர்தான் கீரையைப் பொறுக்கி ஓரமா வைக்கிறார்..." என்று சிரித்தார். கிளம்பும்போது ஒரு சின்னப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். கொத்தவரை வற்றல். "உப்புக் கம்மியாத்தான் போட்டிருக்கேன். பயப்படாம சாப்பிடுங்க!"

பெண்ணுக்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அம்மாவுக்குக் குறைந்திருந்தால் பெண்ணுக்கும் பார்க்க வேண்டும். ஒரே அடுப்புச் சாப்பாடுதானே!

நாளைக் காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போவீர்கள். கையோடு ஒரு சின்னக் கூடையும் எடுத்துப் போங்கள். அன்றைய சமையலுக்கு ஒரு பிடி கீரையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு அப்புறம் தண்ணீர் ஊற்றுங்கள். ஐயாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். கீரை ஆய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பேப்பர் படிக்கிற நேரத்தில் பாதியைக் கொடுத்தால் போதும். பகலில் சாப்பிட உட்காரும்போது, அம்மாவின் தட்டில் கீரை விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். விழவில்லையென்றால் கரண்டியை நீங்களே எடுங்கள்.